தலைகீழாகப் போட்ட நம்பர்

— தேத்தண்ணி அப்பறம் கலக்கலாம், சமீரா. முதல்ல இத பாரு.

— என்னதுலா அது?

— ஏன், அடையாளம் தெரியலியா? பத்து பாகாட் ஊர்ல நீயும் நானும் எடுத்த கல்யாண வீடியோதான். தாலி கட்டுற இடம். பொண்ணு மூஞ்சி எங்க இருக்குன்னு சொல்லு பாப்போம்.

— கொஞ்சம் மங்கலா இருக்கு.

— மங்கலாவா? அது மூஞ்சி மாதிரியா இருக்கு? உப்புமா மாதிரி இருக்கு. கூரப்பட்டு பூரா கட்டம் கட்டமா நிக்குது, பாத்ரூம் தரைக்கு ஓடு பதிச்ச கணக்கா. கெட்டிமேளம் நல்லா கேக்குது. தாலிய மட்டும் காணோம், சரியா?

— உன் போனு பழசு, லோஷி. அதுல எது பாத்தாலும் அப்படித்தான் தெரியும்.

— போனுதான் பழசு. கண்ணு நல்லாத்தான் இருக்கு. இது சிங்கப்பூர் கம்பெனி வேலைக்கு என் பேருல போன ஃபைலு. அவங்ககிட்ட கேட்டு திருப்பி வாங்கினேன்.

— திருப்பி வாங்கினியா? எதுக்கு? அவங்கதான் வேணாம்னு சொல்லிட்டாங்களே. விட்டுத் தொலைய வேண்டியதுதானே.

— வேணாம்னு மட்டும் சொல்லியிருந்தா விட்டுருப்பேன். அந்த மேனேஜர் அம்மா போன்ல நல்லாத்தான் பேசிச்சு. லோஷினி, உங்க வெட்டு அழகா இருக்கு, கலரு அழகா இருக்கு, ஆனா நாங்க வெச்ச பரீட்சையே வேறன்னு சொல்லிச்சு. பஸ்ஸ்டாப்ல இருக்கே பெரிய ஸ்கிரீன், அதுக்கு ஒன்னு. ஆபீஸ் டிவிக்கு ஒன்னு. போனுக்கு சின்னதா ஒன்னு. ஒரே படத்த மூணு அளவுல சுருக்கிக் குடுக்கணும், அதுதான வேலையே. நீங்க அடிப்படையே தலைகீழா வெச்சிருக்கீங்க, கத்துக்கிட்டு வாங்கன்னிச்சு. எனக்கு, சமி. கத்துக்கிட்டு வாங்கன்னு எனக்கு.

— அல்லாவே. அப்படியா சொன்னாங்க?

— அப்படித்தான் சொல்லிச்சு. ஆமாங்கன்னு சொல்லிட்டு போன வெச்சேன். அப்பறம் ஃபைல வாங்கித் தொறந்து பாத்தேன். என்ன நம்பர் போட்டு சுருக்கினோம்னு ஃபைலுக்குள்ளயே இருக்கும்ல. பாத்தேன். பாத்துட்டு சமையக்கட்டுலயே உக்காந்துட்டேன். பாப்பா வந்து அம்மா என்னான்னு கேக்குது.

— என்ன நம்பர் இருந்திச்சு?

— உனக்குத் தெரியாதா?

— எனக்கு எப்படித் தெரியும்?

— சரி, உனக்குத் தெரிஞ்சத சொல்லு. கஸ்டமருக்கு சொல்லுவோமே, அதே மாதிரி சொல்லு. நம்பர ஏத்தினா என்னாகும்?

— இப்ப எதுக்கு இதெல்லாம், லோஷி.

— சொல்லு.

— நம்பர ஏத்தினா ஃபைலு லேசாயிடும், படம் கெட்டுப்போகும். எறக்கினா படம் தெளிவா இருக்கும், ஃபைலு கனமாயிடும். போதுமா?

— போதாது. பெரிய படத்துக்கு?

— பெரிய படத்துக்கு நம்பர ஏத்தலாம். புள்ளி நெறையா இருக்கு, கொஞ்சம் போனாலும் கண்ணுக்குத் தெரியாது.

— சின்னப் படத்துக்கு?

— எறக்கணும். இருக்கறதே கொஞ்சம் புள்ளிதான், அதுல கைய வெச்சா மூஞ்சியே போயிடும்.

— பாரு, எவ்வளவு அழகா சொல்ற. நான் பெருசுக்கு இருபத்தெட்டு போட்டேன், நடுவுலதுக்கு இருபத்து மூணு, சின்னதுக்குப் பதினெட்டு. நாலு நாளு ஒவ்வொன்னா போட்டுப் பாத்து எடுத்த நம்பரு. நீதான பக்கத்துல உக்காந்திருந்த? அவங்களுக்கு அனுப்பின ஃபைல்ல பெருசுக்குப் பதினெட்டு, சின்னதுக்கு இருபத்தெட்டு. பெருசு யான கனத்துல போயி அவங்க மிஷின்ல ஓடாம முக்கிக்கிட்டு நின்னுச்சாம். சின்னது இந்த உப்புமா. நடுவுலது மட்டும் நான் போட்டபடியே இருக்கு, சரியா? தல மட்டும் வாலாயிடுச்சு, வாலு தலையாயிடுச்சு.

— அன்னிக்குக் கரண்டு போச்சு, லோஷி. சத்தியமா. கீழ டயர் கடையிலயும் போச்சு, அந்த அங்கிள் மேல வந்து கேட்டுட்டுப் போனாரு. கரண்டு வந்து கம்ப்யூட்டர் திரும்ப ஏறினப்ப தானா மாத்தியிருக்கும்லா.

— தானா மாத்துமா?

— மாத்தும், சில நேரம்.

— தானா மாத்தினா மூணுக்கும் ஒரே நம்பரத்தான் போடும். மேல உள்ளத கீழயும் கீழ உள்ளத மேலயும் மாத்தி வெச்சு, நடுவுலத தொடாம விட்டு, அவ்வளவு புத்தியா ஒரு கம்ப்யூட்டரு செஞ்சா அதத்தான் சிங்கப்பூருக்கு அனுப்பணும். கேட்டுக்க. ஒன்னும் தெரியாதவன் கைய வெச்சா கன்னாபின்னான்னு இருக்கும். இது கைய வெச்ச மாதிரியே தெரியல. லோஷினிக்கே வேல தெரியாதுன்னு நெனைக்கற மாதிரி இருக்கு. அப்படிச் செய்யணும்னா அந்தக் கணக்கு நல்லாத் தெரிஞ்ச ஆளாத்தான் இருக்கணும். இந்த ஸ்டூடியோல அது தெரிஞ்சவங்க ரெண்டு பேரு. ஒருத்தி நான், யோங் பெங்ல பெரியம்மா பொணத்துகிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். இன்னொருத்தி எங்க இருந்தா?

— இங்க இருந்தேன்.

— நான் என்ன சொல்லிட்டுப் போனேன்?

— எல்லாம் போட்டு வெச்சிருக்கேன், ஓடி முடிஞ்சதும் அனுப்பிடுன்னு சொன்ன.

— கருப்பாயி பெரியம்மா தவறிட்டாங்கன்னு போன் வந்தப்ப நான் அழுதேனா, இல்ல ஃபைல பத்தி யோசிச்சேனா? ஃபைல பத்தித்தான் யோசிச்சேன். அவ்வளவு கேவலமா அந்த வேலைக்கு ஆசப்பட்டேன். அப்பறம் சமி இருக்கா, நம்ம கூட்டாளி பாத்துக்குவான்னு நிம்மதியா பஸ் ஏறினேன். இன்னொன்னு கேக்கறேன். எடம் கெடச்சது யாருக்கு?

— லோஷி.

— அந்த மேனேஜர் அம்மாவே சொல்லிடுச்சு. பரவால்ல, உங்க கூட வேல செய்யற பொண்ணு திங்கக்கெழம சேருதே, அதுகிட்ட கத்துக்கலாமேன்னு. நல்ல மனசுல சொல்லிச்சு பாவம். எனக்கு ஒரு நிமிஷம் வெளங்கவே இல்ல. என் கூட வேல செய்யற பொண்ணு யாருன்னு யோசிச்சேன்.

— நானே சொல்லணும்னுதான் இருந்தேன்.

— எப்ப? பார்டர்ல கஸ்தம் தாண்டி சிங்கப்பூர் போனதுக்கு அப்பறமா?

— பயமா இருந்திச்சு. நீ பெரியம்மா போன வருத்தத்துல இருந்த. அந்த நேரத்துல போயி எனக்கு வேல கெடச்சிடுச்சுன்னு எப்படிச் சொல்றது.

— அந்த விளம்பரத்த உனக்கு யாரு அனுப்பினா?

— நீதான்.

— ரெண்டு பேரும் போடுவோம், யாருக்குக் கெடச்சாலும் சந்தோஷம்னு யாரு சொன்னா?

— நீதான் சொன்ன.

— முட்டாளு. அத சொன்னவ முட்டாளு. உனக்கு வேணும்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே ஒதுங்கியிருப்பேன், தெரியுமா? நெஜமா. உன் அண்ணன் முஜிபுர் வீட்டு ஹால்ல நீ பாய விரிச்சுப் படுக்கறது எனக்குத் தெரியாதா? நீ கேட்டிருக்கலாம். கேக்காம என் ஃபைல்ல கைய வெச்சு, என்னைய ஒன்னும் தெரியாதவளா ஆக்கிட்டல்ல. வேல போனதுகூட வலிக்கல. வயிறு எரியறது இதுக்குத்தான்.

— நான் நம்பர தொடல.

— போதும்லா.

— தொடல, லோஷி. எங்க உம்மா மேல ஆணையா சொல்றேன். குர்ஆன கொண்டா, அது மேலயும் கைய வெச்சு சொல்றேன். என் விரலு அதுல படல. நான் செஞ்சது வேற, அதுக்கு நீ என்னைய என்ன திட்டினாலும் வாங்கிக்கறேன். நம்பர நான் மாத்தல.

— அப்பறம் யாரு மாத்தினா? டயர் கடை அங்கிளா?

— அத விட்டுடு.

— விட்டுடவா?

— சொன்னா உனக்குத்தான் கஷ்டம். என்னையத் திட்டிட்டுப் போ. நானே செஞ்சதா வெச்சுக்க, எனக்குப் பரவால்ல. ஆமா, நீ யாருகூட வந்த? பஸ்லயா?

— சேகருதான் கொண்டு வந்து விட்டாரு. கீழ காடிய நிறுத்திட்டு வண்டிக்குள்ளயே இருக்காரு. ஏன் ஜன்னலப் பாக்கற?

— சும்மாதான்.

— பாவம் என் வீட்டுக்காரரு. வழி பூரா எனக்குப் புத்தி சொல்லிக்கிட்டு வந்தாரு. சமீராகிட்ட சண்ட போடாத, அது பாவம், போனது போகட்டும், நம்ம உலு திராம்லயே இருப்போம், இங்க இல்லாத வேலையான்னு. நான்தான் கேக்கல.

— அப்படியா சொன்னாரு? நான் பாவம்னா?

— ஏன் உன் மூஞ்சி இப்படிப் போகுது? சமி. என்னையப் பாரு.

— பாக்க முடியல, லோஷி.

— யாரு வந்தா அன்னிக்கு?

— கேக்காதலா.

— யாருன்னு கேட்டேன்.

— சேகரண்ணே வந்தாரு.

— எதுக்கு? அவருக்கு அன்னிக்கு ரெண்டாவது ஷிஃப்ட்டு. அதனாலதான் யோங் பெங்குக்கே வரல.

— ஷிஃப்ட்டுக்குப் போகல போல. ஃபேக்டரி சட்டையோடதான் வந்தாரு. அந்த நாற்காலியில உக்காந்தாரு, நீ உக்காருவியே, அதுல. லோஷி போன் பண்ணிச்சு, நம்பர மாத்தச் சொல்லிச்சுன்னாரு. நானே மாத்தறேண்ணே, என்னான்னு சொல்லுங்கன்னு கேட்டேன். இல்ல இல்ல, அவ என்கிட்ட சொல்லியிருக்கான்னு அவரே தட்டினாரு.

— நான் அவருக்குப் போனே பண்ணல.

— அது எனக்கு எப்படித் தெரியும்? உன் புருஷன் வந்து உன் பேரச் சொல்லிக் கேக்கறப்ப நான் என்னான்னு சொல்றது?

— பொய்யி. சமி, நீ மாட்டிக்கிட்டதுக்காக என் வீட்டுக்காரர இழுக்காத. என்னைய பாஸ்போர்ட் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனதே அவருதான், வெய்யில்ல வரிசையில நின்னதே அவருதான். ஃபைல் அனுப்பறதுக்கு முன்னாடி மாரியம்மன் கோயில்ல தேங்கா ஒடச்சாரு, என் பொண்டாட்டிக்கு வேல கெடைக்கணும்னு. குருக்களே சிரிச்சாரு. அந்த மனுஷனையா சொல்ற நீ?

— ஒடச்சிருப்பாரு.

— என்ன, ஒடச்சிருப்பாருங்கற?

— முழுசாக் கேளு. தட்டி முடிச்சிட்டு எந்திரிச்சாரு. நான் பாத்தேன், பெருசுக்குப் பதினெட்டு, சின்னதுக்கு இருபத்தெட்டு. அண்ணே, இது மாறிப்போச்சு போலன்னேன். இல்லம்மா, அவ சொன்னது அதுதான்னாரு. சரின்னுட்டேன். படியில பாதி எறங்கினவரு திரும்பி மேல வந்தாரு. சமீரா, அவ பொண வீட்டுல இருக்கா, போன் பண்ணி இதையெல்லாம் கேட்டுத் தொந்தரவு பண்ணாதன்னாரு. சொல்றப்ப என் கண்ணப் பாக்கல. அப்பத்தான் எனக்கு வெளங்கிச்சு.

— என்ன வெளங்கிச்சு?

— நீ சொல்லலைன்னு. அவருக்கும் தெரியும், நான் கண்டுபிடிச்சிட்டேன்னு.  அப்பறம் அவரா பேசினாரு. திங்கக்கெழம போனா வெள்ளிக்கெழமதான் வருவா, அங்க ரூம் எடுத்துத் தங்குவா, பழகிடுவா, அப்பறம் நான் அவளுக்கு ஊர்ல இருக்கற ஒரு ஆளு, அவ்வளவுதான்னாரு. வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல எனக்கு தைரியம் இல்ல, சொன்னா காலம் பூரா அதச் சொல்லியே காட்டுவான்னாரு. கண்ணெல்லாம் தண்ணி. ஒரு ஆம்பள அழுது நான் பக்கத்துல பாத்ததில்ல. 

— அழுதாரா.

— அழுதாரு.

— என்கிட்ட அழுதிருக்கலாமே. போகாதன்னு ஒரு தடவ சொல்லியிருந்தா நான் போயிருப்பனா? போயிருப்பேன். தெரியல. சண்ட போட்டிருப்போம், மூணு நாளு பேசாம இருந்திருப்போம். அது என் வீட்டு சண்ட. சரி, அவரு போயிட்டாரு. அதுக்கப்பறம் நீ என்ன செஞ்ச?

— போன கையில எடுத்தேன்.

— எடுத்து?

— உன் பேரு வரைக்கும் போனேன். அழுத்தல.

— ஏன்?

— எடம் ஒன்னுதான லோஷி இருந்திச்சு. நான் யாருக்கும் கெடுதல் செய்யலியே, செஞ்சது அவரு, நான் சும்மா இருந்தா போதும்னு தோணிச்சு. அந்த நம்பர்லயே ஓட விட்டு, அனுப்பற பொத்தான அழுத்தினது நான். அத மறைக்கல. அழுத்திட்டுத் தொழப் போனேன், தொழ முடியல. அண்ணி அன்னிக்கும் ஹால் லைட்ட அணைக்க மாட்டேன்னு நின்னாங்க. சிங்கப்பூர்லயாவது ஒரு கதவு இருக்கற ரூம்ல படுக்கலாம்னு நெனச்சேன். அவ்வளவுதான் என் ஆச. அதுக்கு உன்னைய வித்துட்டேன்.

— நல்லா கதவப் போட்டுத் தூங்கு.

— இப்பவே போன் பண்ணி எனக்கு வேணாம்னு சொல்லிடறேன். நெசத்தையும் சொல்லிடறேன். உன் சரியான ஃபைல மறுபடி அனுப்புவோம்.

— வேணாம். நீ அத செஞ்சா நான் உன்னைய மன்னிச்சாகணும். இப்ப அதுக்கு என்கிட்ட தெம்பு இல்ல.

— கீழ ஹார்ன் அடிக்கறாரு.

— அடிக்கட்டும். இரு, எனக்கு இன்னும் மனசு ஒத்துக்கல. சமி, அவருக்கு டிவில சேனல் மாத்தத் தெரியாது. பாப்பாவத்தான் கூப்புடுவாரு. என் கம்ப்யூட்டர்ல எந்தக் கட்டத்துல நம்பர் இருக்குன்னுகூட அவருக்குத் தெரியாது. எது பெருசுக்கு, எது சின்னதுக்கு, ஏத்தினா என்னாகும், எறக்கினா என்னாகும், இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? நீதான் சொல்லிக் குடுத்திருக்கணும்.

— நான் ஒன்னும் சொல்லல. அதனாலதான் முதல்ல நம்பினேன். அவரு தடவல, தேடல. எந்த எடம்னு கேக்கல. தெரிஞ்ச ஆளு மாதிரி நேரா போயித் தட்டினாரு. தட்டறப்ப வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டாரு, சின்னதுக்குக் கொறச்சலு, பெருசுக்குக் கூடன்னு. பாடம் ஒப்பிக்கற மாதிரி. சரியாத்தான் சொன்னாரு, லோஷி. சரியா சொல்லிட்டு மாத்திப் போட்டாரு.

— வாய்க்குள்ள சொன்னாரா?

— ஆமா. யாரோ நல்லா வெளக்கிச் சொல்லியிருக்காங்க. யாருன்னு எனக்குத் தெரியாது.

— மறுபடியும் ஹார்ன்.

— ஜன்னல்ல நின்னு கைய காட்டறேன், இரு. லோஷி? என்னாச்சு உனக்கு? தண்ணி குடிக்கிறியா? யாரு அது, உனக்குத் தெரியுமா?

— நான்தான். பெரியம்மா தவறின அதே வாரம், அதுக்கு முன்னாடி, சாப்பிடறப்ப கேட்டாரு, உன் வேலையில அந்த நம்பரெல்லாம் எதுக்கு, எனக்கும் சொல்லேன்னு. கல்யாணமாகி இத்தன வருஷத்துல என் வேலையப் பத்தி அவரு கேட்ட மொத கேள்வி அது, சமி. சந்தோஷத்துல எனக்கு சோறு எறங்கல. எந்தக் கட்டத்துல தட்டணும்னு போன்ல படம் காட்டி, முழு அப்பளத்த பெருசுன்னு ஒரு பக்கம், ஒடச்ச துண்ட சின்னதுன்னு ஒரு பக்கம் வெச்சு ரெண்டு தடவ வெளக்கிச் சொன்னேன்.